செங்கேணி மகளின் கயிறு

செங்கேணிக்கு வாய்த்துடுக்கு அதிகம் என்று காவாந்தண்டலம் முழுக்கப் பேச்சு. வயலில் மேஸ்திரியையே எதிர்த்துப் பேசுவாள். பெற்ற மூன்றில் இரண்டு மண்ணுக்குப் போய்விட்டன. மூன்றாவதாவது தங்கட்டும் என்று அம்மன் கோயிலில் மந்திரித்த கறுப்புக் கயிற்றை அம்முலுவின் கணுக்காலில் கட்டியிருந்தாள். நான்கு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. உயிர் நின்றது, அந்தக் கால் மட்டும் துவண்டுபோனது.

அறுபதாம் வருஷம் நடவு நேரத்தில் உத்திரமேரூர் ஆஸ்பத்திரியிலிருந்து, வாதம் வந்த பிள்ளைகளைப் பார்க்க நர்ஸ் ராணியம்மாள் வந்தாள். சேரியில் எழுதப் படிக்கத் தெரிந்த ஐசக்தான் வீடு காட்டிக் கூட்டிவந்தான். செங்கேணி சேற்றுக் காலோடு ஓடிவந்து சொம்பில் தண்ணீர் நீட்டினாள். ராணியம்மாள் வாங்கவில்லை. குடிசைக்குள்ளும் நுழையவில்லை. வாசலில் பிள்ளையைக் கிடத்தச் சொல்லி, காலை நேராக நிறுத்தும் மரச்சட்டத்தை வைத்துப் பார்த்தாள். கயிறு இடித்தது. கத்தரிக்கோலை எடுத்து நறுக்கென்று வெட்டிப் போட்டாள்.

"அய்யோ, இன்னாம்மா பண்ணிட்ட!"

"அழுக்குக் கயிறு. இதை நம்பி உட்கார்ந்திருந்தா பிள்ளை இப்படித்தான் கிடக்கும்."

செங்கேணி பாய்ந்து வந்தாள். சட்டத்தைப் பிடுங்கிப் பக்கத்து வாசலில் எரிந்த அடுப்பில் சொருகினாள்.

"இனிமே என் வூட்டு வாசல மிதிக்காத!"

ராணியம்மாள் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போனாள். 'தாய் முரடு. பிள்ளை மீது அக்கறை இல்லை' என்று எழுதியதை ஐசக் பார்த்துவிட்டு வந்து சொன்னான். முரடு என்றதைச் செங்கேணி பொருட்படுத்தவில்லை. அடுத்ததைக் கேட்டதும் அவள் முகம் கறுத்துவிட்டது.

மறுவாரம் நடவுக்குப் போகாமல் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி கத்தினாள்.

"அக்கற இல்லன்னு எழுதினியே, நீ வெட்டின கயிறு எதுக்குன்னு ஒரு வார்த்த கேட்டியா? ரெண்ட பொதச்சிட்டு கட்டினது!"

"கவர்மென்ட் சாமானை எரிச்சவளுக்குப் பேச்சைப் பாரு. சட்டம் வேணுமா, கயிறு வேணுமா?"

"ரெண்டும் வேணும். வேற கயிறு மந்திரிச்சி புள்ள இடுப்புல கட்டி இட்டாந்துகீறேன், பாரு. அன்னிக்கே கேட்டிருந்தா அன்னிக்கே மாத்திருப்பேன். நீ புள்ள மேல கைய வெக்காத. கட்டற விதத்த காமி, நானே கட்டிக்கிறேன்."

ராணியம்மாள் வேறொரு சட்டத்தை மேசைமேல் டொக்கென்று போட்டாள். செங்கேணியின் முகத்தைப் பார்க்காமலே ஒரே ஒரு தடவை கட்டிக் காட்டினாள், தலையணை ஒன்றின்மேல். செங்கேணியும் மறுபடி கேட்கவில்லை.

தினமும் வேலைக்குக் கிளம்புமுன் அவளே கட்டினாள். வரப்பில் கிடத்திக் காலை நீவி, மடக்கி, நீட்டிவிட்டாள். ராணியம்மாள் மாதாமாதம் வந்து தெருவிலேயே நின்று காலை அளந்துகொண்டு போனாள். இருவரும் பேசிக்கொண்டதே இல்லை.

எட்டு வயதில் அம்முலு கோலூன்றிப் பள்ளிக்கூடம் போனாள். தாங்கித் தாங்கித்தான் நடந்தாள், ஆனாலும் நடந்தாள்.

"நல்லா நடக்க வெச்சிருக்கே" என்றாள் ராணியம்மாள், தெருவில் நின்றபடி.

செங்கேணி திரும்பியும் பார்க்கவில்லை. முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு களையெடுக்கப் போய்விட்டாள்.