மணி அடித்தால் எழுந்துவிட வேண்டும்

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் பஸ்ஸில் நேற்று ஒரு பையன் சட்டென்று எழுந்து, "உட்காருங்க அங்கிள்" என்றான். அங்கிள் என்றதைக்கூட மன்னித்துவிடலாம், தலை அப்படி நரைத்திருக்கிறது. ஆனால் அடுத்தவர் இடத்தில் நிம்மதியாக உட்கார எனக்கு இன்னும் வரவில்லை. காவிரிப் பாலம் தாண்டும்வரை சீட்டின் நுனியிலேயே இருந்தேன்.

இந்த வியாதி, திருச்சியில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக, அதாவது தற்காலிக கெஸ்ட் லெக்சரராக, இருந்தபோது ஒட்டிக்கொண்டது. பெயரிலேயே கௌரவத்தைக் கொடுத்துவிட்டோமே, நாற்காலி வேறு எதற்கு என்று நினைத்தார்களோ என்னவோ. நிரந்தர ஆசிரியர் யாராவது வகுப்புக்குப் போனால் அவர் நாற்காலியில் உட்காரலாம். மணி அடித்தால் எழுந்துவிட வேண்டும். ஒரு நாற்காலியில் தலைவலித் தைலம் மணக்கும், இன்னொன்றில் தேங்காய் எண்ணெய். கண்ணை மூடிக்கொண்டே யாருடையது என்று சொல்லிவிடுவேன். முனைவர் பட்டம் வாங்கி நான் வளர்த்துக்கொண்ட திறமை அதுதான்.

என்னைப் போலவே இருந்த இன்னொருவர் ரோஸ்லின் மேடம். தினமும் மணப்பாறையிலிருந்து வருவார். ஒருமுறை கல்லூரிக்கு இன்ஸ்பெக்‌ஷன் வந்தது. துறையில் நிரந்தர ஆள் ஒருவர் குறைகிறார் என்று, ரோஸ்லின் மேடத்துக்குத் திடீரென ஒரு மேஜை, வேறு துறையிலிருந்து இரவல் வாங்கிய நாற்காலி, 'உதவிப் பேராசிரியர்' என்று பெயர்ப்பலகை. "இது முடியட்டும் மேடம், உங்களப் பர்மனென்ட் ஆக்கிடலாம்" என்றார் துறைத்தலைவர். மேடம் நம்பினார். வீட்டிலும் சொல்லிவிட்டார்.

வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். மறுநாள் காலையிலேயே அட்டெண்டர் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"கெமிஸ்ட்ரில நாற்காலியத் திருப்பிக் கேக்குறாங்க, கொஞ்சம் எழுந்திரிங்க மேடம்" என்றார் துறைத்தலைவர்.

"பர்மனென்ட்னு சொன்னீங்களே சார்?"

"சொன்னேங்க. மேலிடத்துல கேக்கணும்ல?"

மணி அடித்தது. மேடம் அசையவில்லை. நானோ பழக்கதோஷத்தில் எழுந்து நின்றுவிட்டேன். பிள்ளைகள் வகுப்பில் காத்திருக்கிறார்கள் என்று ஒரு மாணவி வந்து கூப்பிட்ட பிறகுதான் மேடம் எழுந்தார். பாடம் நடத்திவிட்டுத் திரும்பி வந்தபோது நாற்காலி இல்லை. இன்று நினைத்தாலும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

நான் வேறு வேலைக்கு ஓடிவிட்டேன். அவர் இன்னும் அங்கேயேதான் இருக்கிறார். நேற்று பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்ததும் போன் செய்து, "இப்பவாவது உட்கார இடம் இருக்கா மேடம்?" என்றேன்.

"நிறைய இருக்கு சார். பர்மனென்ட் ஆளுங்க ஒவ்வொருத்தரா ரிட்டயர் ஆயிட்டாங்க. அந்த இடத்துக்கு யாரையும் போடல. இப்ப டிபார்ட்மென்ட்ல எல்லாருமே கெஸ்ட்தான். ஹெச்.ஓ.டி. நாற்காலியில உட்காந்துதான் உங்ககூடப் பேசுறேன். வேலை மட்டும் ஏப்ரல் வரைக்கும்தான்."