அடை வைத்த கை

அக்கா நம்மை விட்டுப் போய் ஓர் ஆண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் கள்ளிக்குப்பத்துத் தெருக்காரர்களுக்கும் தங்கையின் வணக்கம். நான் ஆறாவதோடு நின்றவள். எதையாவது தப்பாக எழுதிவிடுவேனோ, யார் பேரையாவது விட்டுவிடுவேனோ என்று சரியாகத் தூக்கமில்லை. குறை இருந்தால் அது என்னுடையது, பெருமையெல்லாம் அக்காவுடையது.

பூந்தமல்லிக்கு மேற்கே, நாற்று நடப் போகும் கூலிக் குடும்பத்தில் அக்கா தலைப்பிள்ளையாகப் பிறந்தார். தொழிற்பேட்டை எஸ்டேட்டில் லேத் வேலை பார்த்த மாமாவைக் கட்டிக்கொண்டு கள்ளிக்குப்பம் வந்தார். பிறகு என்னையும் அதே தெருவில் கட்டிக்கொடுக்க வைத்தார். மாமா மஞ்சள் காமாலையில் போனபோது அக்காவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. இரண்டு பிள்ளைகள், சின்னவன் கைக்குழந்தை. சென்னீர்குப்பத்தில் நெடுஞ்சாலை ஓரம் இருந்த ஒரு குஞ்சு பொரிப்பகத்தில் தட்டு கழுவும் வேலைக்குப் போனார். எண்பதுகளின் நடுவில் அதையும் மூடிவிட்டார்கள். நான் உட்கார்ந்து அழுதேன். அக்கா அழவில்லை. ஆசாரி கன்னியப்பன் அண்ணனிடம் போய், பேக்கிங் பலகையில் ஒரு பெட்டி செய்து தரச் சொன்னார். உள்ளே இரண்டு குண்டு பல்பு, ஒரு தெர்மாமீட்டர், ஈரப்பதத்துக்கு ஒரு கிண்ணம் தண்ணீர், எட்டிப் பார்க்க ஒரு கண்ணாடி. அவ்வளவுதான் அக்காவின் இன்குபேட்டர்.

பெட்டி தயார், முட்டை கொடுக்கத்தான் ஆளில்லை. கோழிக்கு அடை வைப்பதென்றால் எங்கள் பக்கம் கைராசி பார்ப்பார்கள். தாலி இழந்தவர் கை முட்டையில் படக்கூடாது என்பார்கள். கடைசியில் எதிர்வீட்டுப் பவுனம்மா வந்தாள். அடைக்கு உட்கார இருந்த அவளுடைய கோழியை நாய் கவ்விவிட்டது. சேர்த்து வைத்த முட்டைகள் கோழியில்லாமல் நின்றன. அவள் அக்கா வீட்டில் முட்டைகளைக் கொடுத்துவிட்டு வெறுங்கூடையோடு திரும்பியதைப் பார்த்து, அவளுடைய மாமியார் தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

“தாலியறுத்தவ கையில அடைக்குக் குடுத்துட்டு வந்துகீறியே, ஒரு குஞ்சாவது கண்ணு தொறக்குமா?”

அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். “தாலி கீதா இல்லியான்னு முட்டைக்கு இன்னாடி தெரியும்? அதுக்குச் சூடு இருந்தா போதும்.”

சிரித்தாரே தவிர, இந்த முட்டைகள் பொரிக்காவிட்டால் கள்ளிக்குப்பத்தில் இனி யாரும் அவரிடம் முட்டை தரமாட்டார்கள் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

ஒவ்வொரு முட்டையிலும் ஒரு பக்கம் பென்சில் கோடு போட்டு, எதுவும் விட்டுப்போகாமல் புரட்டி வைத்தார். டார்ச் வெளிச்சத்தில் உள்ளே நரம்பு ஓடுவதைக் காட்டினார். பொரிக்கும் நாள் நெருங்கிப் புரட்டுவதை நிறுத்தியிருந்த சமயம், ஒரு மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது.

“அக்கா, கரண்ட் பூட்ச்சு! எல்லாம் செத்துடும் அக்கா!”

“கத்தாத. போர்வை எல்லாம் எடுத்துகினு வா. மூடிய தொறந்தியோ, கைய ஒடச்சுடுவேன்.”

காற்றுத் துளைகளை மட்டும் விட்டுப் பெட்டியைப் போர்த்தினோம். கிண்ணம் வைக்கும் சின்னக் கதவு வழியாக, வெந்நீர் பாட்டில்களைத் துணி சுற்றி நுழைத்து, ஆற ஆற மாற்றினோம். கரண்ட் வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

பொரிக்க வேண்டிய நாளில் ஒன்றும் நடக்கவில்லை. பவுனம்மாவின் மாமியார் எதிர்வாசலில் நின்று கேட்டார்: “இன்னா, குஞ்சுங்க மேனாம்பேட்லேர்ந்து நடந்து வருதா?”

மறுநாள் காலை ஒரு முட்டையில் கீறல் தெரிந்தது. உள்ளிருந்து கீச்சென்று சத்தம். பாதி உடைத்த குஞ்சு அப்படியே நின்றுவிட்டது.

“நாமளே ஒடச்சு வுட்டுடலாம் அக்கா, மூச்சு முட்டிக்கும்.”

“நீ ஒடச்சா ரத்தம் வரும்டி. அது படவேண்டிய பாடு, அதுவே பட்டு வரட்டும்.”

வந்தது. மத்தியானத்துக்குள், ஒன்றிரண்டு கூமுட்டை தவிர எல்லாமே வந்துவிட்டன. ஈரம் காயும்வரை பெட்டிக்குள்ளேயே விட்டு, பிறகு கோணி விரித்த அட்டைப்பெட்டியில் பல்புக்குக் கீழே மாற்றினார். தண்ணீர்த் தட்டில் விழுந்து நனையாதபடி கூழாங்கல் போட்டார். ஒவ்வொரு குஞ்சின் அலகையும் தண்ணீரில் தொட்டெடுத்துக் குடிக்கப் பழக்கினார்.

அப்போது பவுனம்மாவின் மாமியார், பிள்ளை பெற்ற வீட்டுக்கு வருவதுபோல, சாம்பிராணி புகையும் தட்டோடு உள்ளே வந்தார்.

“அம்மாவ், பொகைய அப்பால எடு! குஞ்சுக்கு மூச்சு நின்னுடும்.”

“கண்ணு பட்டுடும்டி. தெருவே வந்து பாக்குது.”

“பாக்கட்டும். நீ மொதல்ல தட்ட வெளிய வை.”

வைத்துவிட்டு வந்து குனிந்து பார்த்தார். பிறகு, “எங்க ஊட்ல இன்னொரு கோழி அடைக்கு நிக்குது. நீயே வந்து முட்டைய வெச்சுட்டுப் போ” என்றார்.

அதன்பின் ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்தெல்லாம் முட்டை வந்தது. அந்த வருமானத்தில்தான் பெரியவன் ஐ.டி.ஐ. முடித்தான், சின்னவன் கடை வைத்தான். கடைசியில் அக்கா நோயில் படுத்தது சில நாட்களே. யாருக்கும் பாரமாக இருக்கவில்லை. பெட்டி செய்து தந்த கன்னியப்பன் அண்ணனுக்கும், முதல் முட்டை தந்த பவுனம்மாவுக்கும், கடைசிவரை கூட நின்ற அனைவருக்கும் நன்றி.

இன்னொரு நன்றியும் பாக்கி இருக்கிறது. என் மகள் வளைகாப்பில் முதல் வளையலை அக்காதான் போட வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. சொன்னால் சம்பந்தி வீட்டார் எழுந்து போய்விடுவார்களோ என்று பயம். அக்காவோ சமையல்கட்டை விட்டு வெளியே வரவில்லை. பவுனம்மாவின் மாமியார்தான் உட்கார்ந்த இடத்திலிருந்து குரல் கொடுத்தார்: “எங்கடி உங்க அக்கா? அவ கை பட்டா எல்லாம் நல்லபடியா வெளிய வரும். கூப்டு அவள.”

சம்பந்தியம்மா நகர்ந்து இடம் விட்டார்கள். அக்கா வந்து, தன் கையால் முதல் வளையலைப் போட்டார். அன்று அந்தக் கூடத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது.