எட்டுப் பக்கம் தேடிக் கொக்கிளாய் வரை

யாரும் தேடாத பழைய நாவல்களை மறுபடி அச்சிடுவதற்கென்று நானும் நண்பர் ஒருவரும் யாழ்ப்பாணத்தில் சிறிய பதிப்பகம் நடத்துகிறோம். புத்தியுள்ளவன் செய்கிற வேலையில்லை. போன பங்குனியில் ஒரு நாவல் முந்நூறு பக்கம் அச்சாகிவிட்டது; எங்கள் பிரதியில் கடைசி எட்டுப் பக்கத்தைக் காணோம். முடிவில்லாத புத்தகத்தை எவன் வாங்குவான்? கொக்கிளாய் என்ற மீனவக் கிராமத்தில் திரேசம்மா என்பவரிடம் இன்னொரு பிரதி இருப்பதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். புறப்பட்டேன்.

காலை ஐந்தரைக்கு பஸ். பரந்தனில் மாறி, புழுதி குடித்துக்கொண்டு முப்பத்திரண்டு மைல் போனால் முல்லைத்தீவு. அப்போது மணி ஒன்றரை. அதற்கப்பால் மீன் ஏற்றப்போகும் லொறிதான், ஒரு ரூபா.

"அண்ணை, எத்தினை மணிக்குப் போய்ச் சேருவம்?"

"லொறிக்கு மனம் வந்தா நாலரைக்கு" என்றார் சாரதி.

ஆறு மணியாயிற்று. மாதா கோயில் மண்டபத்தில் படுத்தேன். முதுகு என்னுடையதாகவே இல்லை.

காலையில் திரேசம்மா கருவாட்டுக்குக் காகம் விரட்டிக்கொண்டிருந்தா. கூடக் காவலிருக்கும் பெண்களுக்கு அவாதான் கதை வாசிப்பவ. புத்தகத்தை எடுத்துவந்து தந்தா. பார்த்தால், அதிலும் அதே எட்டுப் பக்கம் இல்லை! அப்படியே மணலில் குந்திவிட்டேன்.

"நான்தான் கிழிச்சு அடுப்பிலை போட்டனான், ஐயா. கடைசியிலை கதையிலை வாற பெட்டை கடலிலை விழுந்து சாகிறாள். எங்கட ஆக்கள் கடலிலை நிக்கேக்கை அதை வாசிக்கலாமே?"

"பிறகு இந்தப் பெண்டுகளுக்கு என்ன சொன்னனீங்கள்?"

"வள்ளமொண்டு வந்து அவளைக் கரைசேர்த்தது எண்டு சொல்லிப்போட்டன்."

"அப்ப அந்த எட்டுப் பக்கத்திலை இருந்ததை எனக்கெண்டாலும் முழுக்கச் சொல்லுங்கோ."

"இப்ப ஏலாது. மகன் கடலிலை. அவன் வரட்டும்."

திரும்பும் லொறி பதினொரு மணிக்கு. எனக்குச் சரியான கோபம். லொறி போய்விட்டது. வேறு வேலையில்லாமல் நானும் கடலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டுக்கு மற்ற வள்ளங்கள் வந்தன; மகனுடையது வரவில்லை. திரேசம்மா காகத்தைக்கூட விரட்டவில்லை. நானும் எழும்பி அலையோரம் போய் நின்றேன். முடிவுப் பக்கம் நினைவிலேயே இல்லை.

ஒன்றரைக்கு வந்தான். அவன் சாப்பிட உட்கார்ந்த பிறகு, திரேசம்மா என்னை முற்றத்துக்குக் கூட்டிப்போய்த் தணிந்த குரலில் சொன்னா. ஒரு தாள் நிறைய எழுதிக்கொண்டேன்.

போக நினைப்பவர்கள் தண்ணீர் கொண்டுபோங்கள். லொறியில் விரித்து உட்காரச் சாக்கு ஒன்றும். வள்ளங்கள் கரைக்கு வருமுன் எதுவும் கேட்காதீர்கள். இரண்டு நாளில் திரும்பலாம் என்று வீட்டில் சொல்லிவிட்டும் போகாதீர்கள். எனக்கு மூன்றரை நாள் ஆயிற்று.

முடிவு அவா சொன்னது என்ற குறிப்போடு புத்தகம் வந்துவிட்டது. கொக்கிளாய்க்கும் ஒன்று அனுப்பினேன். புறப்படும்போது அவா கேட்டிருந்தபடி, கடைசித் தாளை என் கையாலேயே கிழித்துவிட்டு.