வண்டி நெற்றியில் எழுதிய பெயர்

செத்துப்போனவளோடு சக்களத்திச் சண்டை போடுகிற ஒருத்தியைப் பார்க்கவேண்டுமானால் நீங்கள் சிங்கவரத்துக்குத்தான் வரவேண்டும். வளர்மதி என்று கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள். செஞ்சி காந்தி பஜாரில் ஜவுளிக்கடை வேலை. நாள் முழுக்க ஊரார் கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை பிரித்துக் காட்டுவாள். அவள் கல்யாணம் மட்டும் கோயிலில் மாலை மாற்றியதோடு சரி. இரண்டு பேருக்குமே அது இரண்டாம் கல்யாணம், மேளம் எதற்கு என்று விட்டுவிட்டார்கள்.

புருஷன் அரிகிருஷ்ணன் சொந்த மினி வேனில் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, மூட்டை ஏற்றுகிறவன். நல்ல மனுஷன், குடி கிடையாது. ஆனால் வண்டியின் நெற்றியில் கொட்டை எழுத்தில் 'பூங்குழலி'. மூத்த தாரத்தின் பெயர். மஞ்சள் காமாலையில் அவள் போய்ச் சேர்ந்து பதினைந்து வருஷம். வளர்மதி வந்த இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் வண்டிக்கு இரண்டு முறை பெயிண்ட் அடித்தாயிற்று. இரண்டு முறையும் அந்தப் பெயர் புதுசாகி வந்து நின்றது. காலையில் வாசல் தெளிக்கப் போனால் அதில்தான் விழிக்கவேண்டும். வயிறு எரியுமா, எரியாதா?

அதைவிட எரிச்சல் வேறொன்று. பத்தொன்பது வயதில் வளர்மதியையும் ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். எட்டே மாதம். அடி பொறுக்காமல் வந்து, கோர்ட்டில் பிரிந்தாள். அவன் யார், எவன் என்று அரிகிருஷ்ணன் ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. இவள் மட்டும் வெந்து சாகவேண்டும், புருஷன் குளுகுளுவென்று இருக்கவேண்டுமாக்கும்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக ஜெயஸ்ரீ டீச்சர் போனும் கையுமாக வந்தார். அரிகிருஷ்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பெயர், வயது எல்லாம் ஆயிற்று.

"கல்யாணம் ஆனவர்னு போட்டுட்டேன். கல்யாணத்தப்போ என்ன வயசுண்ணா?"

"இருவத்தி நாலு, டீச்சர்."

வளர்மதிக்குச் சுரீரென்றது. "அது அவளக் கட்டினப்போ. என்னைக் கட்டினது முப்பத்தஞ்சுல. அதப் போடுங்க டீச்சர்."

"ரெண்டு கல்யாணம்னா மொதக் கல்யாணத்து வயசத்தாம்மா போடணும். நான் என்ன பண்றது?"

அடிப் பாவி மகளே! வண்டியில் இடம் பிடித்தது போதாதென்று சர்க்கார் கணக்கிலும் ஏறிக்கொண்டாளே! பன்னிரண்டு வருஷம் சோறாக்கிப் போட்டவளுக்கு ஓர் எண் கூடக் கிடையாதா? அரிகிருஷ்ணன் தலை நிமிராமல் ரசஞ்சோறு பிசைந்துகொண்டிருந்தான்.

"சரி, உங்களுக்கும்மா?" என்றார் டீச்சர்.

அரிகிருஷ்ணனைக் கட்டிய வயதை, இருபத்தெட்டு என்றுதான் சொல்ல இருந்தாள். யாருக்கும் தெரியப்போவதில்லை.

"பத்தொம்போது!" என்றாள், தெருவுக்கே கேட்கும்படி. "எனக்கும் மொதக் கல்யாணந்தானே கணக்கு? நல்லாப் போடுங்க."

பிசைந்த கை நின்றது.

டீச்சர் மிச்சக் கேள்விகளை முடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அரிகிருஷ்ணன் மோர் வேண்டாம் என்றான். கை கழுவினான். தோளில் கிடந்த துண்டை வீடு முழுக்கத் தேடினான். சாவியை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனவன் திரும்பி வந்தான்.

"அவன் பேரு இன்னா?"

பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை. அந்தக் கடுகடுத்த முகத்தைப் பார்க்கப் பார்க்க வளர்மதிக்கு வயிறு குளிர்ந்துபோயிற்று. உண்மையில் அந்த ஆளின் முகம்கூட அவளுக்குச் சரியாக நினைவில்லை.

"எதுக்குய்யா?" என்றாள், தட்டை எடுத்துக்கொண்டே. "வண்டி நெத்தியில எழுதவா?"