ஏணியை விழுங்கிய கிணறு

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து உருத்திரபுரத்தில் குடியேறிய வருடம், என் கணவரும் அயலவர்களும் வளவில் கிணறு வெட்டினார்கள். ஊரில் கிணறென்றால் கல்லுக்குள் இறங்கும். சுவர் தானாக நிற்கும். அதே பழக்கத்தில் இங்கும் செங்குத்தாக இரண்டு ஆள் ஆழம் வெட்டிவிட்டார்கள்.

அன்று பின்னேரம் என் தம்பி வந்தான். கட்டட வேலை முறையாகப் படித்துச் சான்றிதழ் பெற்றவன். விளிம்புக்குச் சற்றுத் தள்ளித் தரையில் ஓடிய மெல்லிய வெடிப்பைக் கண்டதும் கத்தினான்.

"அத்தான், மேல ஏறுங்கோ! பலகை அடிச்சு, சுவர் சரியாமல் முண்டு குடுக்காமல் உதுக்குள்ள நிக்கேலாது!"

"ஊரில எத்தினை கிணறு வெட்டினனான், தம்பி!" என்று உள்ளேயிருந்து சிரித்தார் அவர்.

"அது கல்லு. இது மண். கதையை விட்டிட்டு ஏறுங்கோ!"

முணுமுணுத்தபடி ஏறி வந்தார். நாங்கள் விலகி நின்ற சற்று நேரத்தில் ஒரு பக்கச் சுவர் முழுதாகச் சரிந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. கிணறு இருந்த இடத்தில் புழுதிதான் எழுந்தது. அந்த வெடிப்பு எங்கள் எல்லோர் கண்ணிலும் பட்டதுதான்; அதன் பொருள் அவன் ஒருவனுக்குத்தான் தெரிந்திருந்தது.

இப்போது வேலைக்கு யார் வந்தாலும், "எங்க தொழில் படிச்சனீங்கள்?" என்று கேட்காமல் நான் விடுவதில்லை. சிலர் சிரிப்பார்கள். அவர்களுக்கு அந்தப் பள்ளத்தைக் காட்டுவேன். என் கணவர் ஏறி வந்த ஏணி இன்னும் அதற்குள்தான் புதைந்து கிடக்கிறது.

— ஒரு வாசகி, உருத்திரபுரம்