பாதி ரோட்டில் நெல்

எங்கள் பள்ளியில் சாலைப் பாதுகாப்பு மன்றத்துக்கு நான் பொறுப்பாசிரியை. விரும்பி ஏற்றதல்ல. மன்றங்களைப் பிரித்துக் கொடுத்த அன்று நான் விடுப்பில் இருந்தேன். தமிழ் மன்றம், சுற்றுச்சூழல் மன்றம் எல்லாம் கைமாறிப் போக, யாருக்கும் வேண்டாமல் மிஞ்சியது எனக்கு வந்தது. நான் அறிவியல் நடத்துகிறவள். "வேகம், உராய்வு எல்லாம் உங்க பாடம்தானே, பொருத்தமாத்தான் இருக்கு" என்று தலைமையாசிரியை சமாதானம் சொன்னார்.

இந்த மன்றத்துக்கு வருஷத்தில் ஒரு மாதம்தான் வேலை. தை பிறக்கிற சமயத்தில் சாலைப் பாதுகாப்பு மாதம் என்று சுற்றறிக்கை வரும். பேச்சுப் போட்டி, வாசகப் போட்டி, ஓவியப் போட்டி நடத்திப் புகைப்படம் அனுப்ப வேண்டும். ஒரத்தநாட்டுக்குத் தெற்கே எங்கள் ஊர்ப் பக்கம் சம்பா அறுவடையும் அதே மாதத்தில்தான். இரண்டையும் ஒன்றாக வைத்தவர்கள் நெல் பயிரிடாதவர்களாக இருக்க வேண்டும்.

என் கணவர் பயிரிடுகிறவர். அந்த வருஷம் பனி அதிகம். இயந்திரம் அறுத்துக் கொட்டிய நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டு போனால், ஈரம் பார்க்கும் கருவியில் ஒரு பிடி போட்டுப் பார்த்துவிட்டு, "காய வச்சுக் கொண்டாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். ஊர்க் களத்தின் சிமெண்டுத் தளம் வெடித்து, வெடிப்பெல்லாம் அருகம்புல். நல்லபடியாக இருந்த மூலையை எங்களுக்கு முன்னால் போனவர்கள் பிடித்துவிட்டார்கள். மிச்சமிருந்தது ரோடு. புதிதாகத் தார் போட்டது. பத்து மணிக்கே சுடும்.

"பாதி ரோடு விட்டுட்டுத்தானே கொட்டியிருக்கேன்" என்றார் என் கணவர். அவருடைய மனசாட்சிக்கு அந்தப் பாதி போதும்.

நெல்லை வண்டிகள் மிதிக்காமல் இருக்க ஓரத்தில் வரிசையாகக் கருங்கல் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வாய்க்கால் மதகு கட்டியபோது மிஞ்சிய கற்கள் வீட்டுப் பின்னால் கிடந்தன. பன்னிரண்டு கல். அவற்றைத் தூக்கி வந்து வைத்தது நான். என் கணவர் வைத்தால் கோணலாக வைப்பார்.

அன்று காலையில்தான் எங்கள் பள்ளியில் விழா. போக்குவரத்து சப் இன்ஸ்பெக்டர் சிறப்பு விருந்தினர். ஐம்பதை நெருங்குகிற மனிதர், கண்டிப்பானவர். என் கணவருக்கு அவரை முன்பே தெரியும், அபராதம் கட்டிய வகையில். இவர் ஹெல்மெட்டை வண்டிக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு போயிருக்கிறார். நிறுத்தியதும், "ஹெல்மெட் வண்டியிலதானே சார் இருக்கு" என்று வாதாடியிருக்கிறார். அதற்கு அவர் நிதானமாக, "விழும்போது கண்ணாடி மட்டுமா விழும்?" என்று கேட்டுவிட்டு ரசீதைக் கிழித்துக் கொடுத்தாராம். அன்றிலிருந்து என் கணவர் அவரைப் பெயர் சொல்லாமல் 'கண்ணாடி' என்றுதான் சொல்வார்.

விழாவில் சப் இன்ஸ்பெக்டர் நன்றாகப் பேசினார். விபத்தில் விழுந்தவருக்கு எடுத்ததும் தண்ணீர் கொடுக்கக் கூடாது, ஹெல்மெட்டை அவசரமாகப் பிடித்து இழுக்கக் கூடாது என்றெல்லாம் செய்து காட்டினார். வாசகப் போட்டியில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி 'சாலை உன் வீட்டு முற்றமல்ல' என்று எழுதியிருந்தாள். முதல் பரிசுக்கு அதைத் தேர்ந்தெடுத்தது நான்தான். அவர் பரிசு கொடுத்தார், நான் கை தட்டினேன். மதிய இடைவேளை மணி அடித்ததும் ஓட்டமும் நடையுமாக ரோட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, காலால் நெல்லைக் கிளறிவிட்டேன். நடு நெல் இன்னும் ஈரமாக இருந்தது. ஒரு லாரி ஒதுங்கிப் போனபோது நகர்ந்துவிட்ட கல்லைச் சரியாக இழுத்து வைத்துவிட்டு, ஐந்தாவது பீரியடுக்குப் பள்ளிக்குத் திரும்பினேன். இதில் முரண் ஏதும் இருப்பதாக எனக்கு அப்போது தோன்றவே இல்லை. ஒன்று வேலை, மற்றது வயிறு.

சாயங்காலம் நெல்லை மூட்டை பிடித்து டிராக்டரில் ஏற்றி அனுப்பினோம். என் கணவர் படுதாவைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நான் சிந்தின நெல்லைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

"கல்லு?" என்று கேட்டேன்.

"நாளைக்கு மேலவயல் நெல்லு வருதுல்ல? திரும்ப வைக்கிறதுக்கு எதுக்கு எடுத்துக்கிட்டு? கெடக்கட்டும்."

எனக்கும் இடுப்பு வலித்தது. கிடக்கட்டும் என்றுதான் எனக்கும் பட்டது.

நெல் இருக்கும்வரை கல்லுக்கு ஒரு அர்த்தம் உண்டு. தூரத்திலிருந்தே மஞ்சளாகத் தெரியும், வண்டிக்காரர்கள் ஒதுங்குவார்கள். நெல்லை அள்ளிவிட்டால் கறுப்பு ரோட்டில் கறுப்புக் கல் மட்டும் மிஞ்சும். இருட்டத் தொடங்கியிருந்தது. எதிரே ஒரு பஸ் முழு வெளிச்சத்தோடு நடு ரோட்டில் வந்தது. இந்தப் பக்கம் வந்த மோட்டார் சைக்கிள் பஸ்ஸுக்கு வழிவிட்டு ஓரம் கட்டியது. தகர டப்பா உருண்டது போல ஒரு சத்தம். பஸ் நிற்காமல் போய்விட்டது.

நாங்கள் ஓடினோம். காக்கிச் சட்டை தெரிந்ததும் என் கணவர் ஒரு கணம் நின்றுவிட்டார். பிறகு என்னைவிட வேகமாக ஓடினார்.

வாய்க்கால் கரையில் சரிந்து கிடந்தவர் காலையில் எங்கள் பள்ளியில் பேசியவர்தான். நான் பதற்றத்தில் ஹெல்மெட்டில் கை வைத்தேன்.

"இழுக்காதீங்க டீச்சர்" என்றார் உள்ளேயிருந்து. "காலையிலதானே சொன்னேன்."

மெல்ல எழுந்து உட்கார்ந்து, வலது கையால் தானே கழற்றினார். காதுப் பக்கத்திலிருந்து உச்சிவரை ஹெல்மெட் விரிசல் விட்டிருந்தது. என் கணவர் அதை வாங்கி, விரிசலில் விரலை ஓட்டிப் பார்த்தார். சப் இன்ஸ்பெக்டரின் தலைக்கு ஒன்றுமில்லை, ஆனால் இடது கையைத் தூக்க முடியவில்லை. தோள் எலும்பு முறிந்திருக்கும் போலிருந்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தோம். பக்கத்து வண்டி வேறொரு அழைப்புக்குப் போயிருக்கிறது, வர அரை மணி நேரம் ஆகும் என்றார்கள். அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

என் கணவர் எங்கள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். "ஏறுங்க சார். டீச்சர் பின்னால உக்காந்து புடிச்சுக்குவாங்க."

"மூணு பேரா?" என்றார் சப் இன்ஸ்பெக்டர், அந்த வலியிலும்.

"அபராதம் நீங்களே போட்டுக்குங்க சார். இப்ப ஏறுங்க."

"உங்க ஹெல்மெட் எங்க?"

"வீட்டுல."

அவர் தன்னுடைய விரிசல் விட்ட ஹெல்மெட்டை நீட்டினார். என் கணவர் மறுபேச்சில்லாமல் மாட்டிக்கொண்டார். அப்படி ஒரு கீழ்ப்படிதலை எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நான் பார்த்ததில்லை. காக்கிச் சட்டைக்காரரை நடுவில் வைத்து, நான் பின்னாலிருந்து இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு, ஒரத்தநாட்டு அரசு ஆஸ்பத்திரிவரை போனோம். வழியெல்லாம் ஜனங்கள் பார்த்தார்கள். கைதானது யார் என்று அவர்களுக்குப் புரிந்திருக்காது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுக்க வைத்த பிறகு அவர் கண்ணைத் திறந்து கேட்டார்: "அங்க யாரு நெல்லு காயப் போட்டதுன்னு தெரியுமா டீச்சர்?"

என் கணவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"நம்ம பக்கம் எல்லாரும்தான் காயப் போடுறாங்க சார்" என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதைவிடப் பெரிய பொய்யை நான் சொன்னதும் இல்லை.

விடிந்ததும் முதல் வேலையாகப் போய்ப் பன்னிரண்டு கல்லையும் எடுத்து வீட்டுப் பின்னால் கொண்டு போட்டேன். மேலவயல் நெல் வந்து இறங்கியபோது என் கணவர் கல்லைப் பற்றிக் கேட்கவில்லை. சாக்கில் வைக்கோலை அடைத்து ஓரத்தில் அடுக்கினார். சாயங்காலம் ஆறு மணிக்கு முன்னால் தானே எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்.

மூன்றாம் நாள் என் கணவரின் போனுக்கு ஒரு தகவல் வந்தது. ஒரத்தநாட்டுக்குள் நுழையும் இடத்து முச்சந்திக் கேமரா எங்களைப் படம் பிடித்திருக்கிறது. ஒரே வண்டியில் மூவர், அபராதம். இணைப்பைத் திறந்தால் படம் தெளிவாக இருந்தது: முன்னால் உடைந்த ஹெல்மெட்டோடு இவர், நடுவில் சீருடையில் போலீஸ், பின்னால் கண்ணை இறுக மூடிக்கொண்டு நான்.

அதே நாள் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். சாலைப் பாதுகாப்பு மாத நிறைவு விழாவில் எனக்கும் என் கணவருக்கும் பாராட்டாம். விபத்தில் சிக்கிய அதிகாரியைத் தக்க நேரத்தில் காப்பாற்றியதற்காக.

மறுநாள் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு சப் இன்ஸ்பெக்டர் வீட்டுக்குப் போனேன். அவர் கையைத் தொட்டில் போலக் கட்டித் தொங்கவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி உள்ளே காபி போடப் போனதும் சொன்னேன்.

"சார், அது எங்க நெல்லு. கல்லை வச்சது நான்தான்."

"தெரியும்."

நான் சாத்துக்குடிப் பையைக் கீழே வைத்தேன்.

"விழா முடிஞ்சு திரும்பிப் போறப்ப பாத்தேன். நீங்க காலால கிளறிக்கிட்டிருந்தீங்க. ஒரு கல்லை இழுத்து வச்சீங்க. வண்டியை நிறுத்திச் சொல்லணும்னு நினைச்சேன். காலையிலதான் நீங்க எனக்குச் சால்வை போட்டீங்க, எப்படிச் சொல்றதுன்னு போயிட்டேன். சாயங்காலம் எடுத்துருவாங்கன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்." கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். "எனக்கும் பங்கு இருக்கு டீச்சர்."

"அப்ப ஆஸ்பத்திரியில ஏன் சார் கேட்டீங்க?"

"சொல்றீங்களான்னு பாத்தேன்."

அவர் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். பாராட்டு வேண்டாம் என்று கெஞ்சினேன். அவர் தலையை ஆட்டினார். "மேலிடத்துக்கு எழுதியாச்சு. நீங்க வரலைன்னா ஏன்னு எழுதணும். உண்மையை எழுதினா உங்க மேல கேஸ் போடணும்." கேமரா அபராதத்தையாவது அவசரத்தைக் காரணம் காட்டி ரத்து செய்யச் சொல்லலாமா என்று கேட்டதற்கு, "நடுவுல உக்காந்திருக்கிறது நானு. நான் எந்த முகத்தோட எழுதுவேன்? கட்டிருங்க" என்றார். கட்டிவிட்டோம்.

நிறைவு விழாவில் எங்கள் இருவருக்கும் சால்வை, ஆளுக்கொரு ஹெல்மெட். என்னைப் பேசச் சொன்னார்கள். எழுதி வைத்திருந்த தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, ஒலிபெருக்கி முன்னால் நின்று சொன்னேன்: "இவர் விழுந்ததுக்குக் காரணமான கல்லை ரோட்டில் வைத்தது நான். என் கையால் வைத்தேன். எடுக்கச் சோம்பல்பட்டு விட்டுவிட்டேன்."

கைதட்டல். ஓய்ந்து மறுபடி எழுந்த கைதட்டல். நன்றி சொல்ல வந்த தலைமையாசிரியை, "சமுதாயத்தின் தவறுகளுக்கு நாம் ஒவ்வொருவரும் பொறுப்பு என்பதை எவ்வளவு அழகாகத் தன்மேல் ஏற்றிச் சொன்னார்கள்!" என்று நெகிழ்ந்தார். நான் சப் இன்ஸ்பெக்டரைப் பார்த்தேன். அவர் ஒரு கையால் தொடையில் தட்டிக்கொண்டிருந்தார். அவருக்குக் கை தட்ட இன்னொரு கை இல்லை.

வீடு திரும்பும்போது என் கணவர் புது ஹெல்மெட்டுக்குள்ளிருந்து சொன்னார்: "நீ உள்ளதைச் சொல்லியும் ஒருத்தரும் நம்பலயே." அவருக்கு அது நிம்மதி. எனக்கு அது இன்றும் உறுத்தல்தான். எட்டாம் வகுப்புப் பெண் மட்டும் மறுநாள் என்னிடம் வந்து, "மிஸ், நிஜமாவே நீங்கதானா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் யோசித்துவிட்டு, "எங்க வீட்டுலயும் கல்லுதான் மிஸ் வைக்கிறாங்க. நான் எடுக்கச் சொல்றேன்" என்றாள்.

களத்தைச் சரிசெய்யச் சொல்லி ஊரார் கையெழுத்தோடு மனுக் கொடுத்தோம். பாதித் தளம் போட்டுத் தந்தார்கள். முறை வைத்துக் காயப் போடுகிறோம். முறை தவறினால் இப்போதும் ரோடுதான், வைக்கோல் சாக்குத்தான். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

சப் இன்ஸ்பெக்டரைப் பேராவூரணிப் பக்கம் மாற்றிவிட்டார்கள். போன மாதம் போன் செய்தார்.

"இங்க நெல்லு இல்ல டீச்சர். ரோட்டுல தேங்கா காய வைக்கிறாங்க. சுத்தி மட்டையும் கல்லும்."

"என்ன சார் செஞ்சீங்க?"

"வண்டியை நிறுத்தி இறங்கிட்டேன். எல்லாத்தையும் அள்ளுற வரைக்கும் அங்கேயே நின்னேன். ஒன்றரை மணி நேரம், நல்ல வெயில். திட்டிக்கிட்டே அள்ளுனாங்க. கடைசியில அந்த வீட்டம்மா ஒரு சொம்பு மோர் கொண்டாந்து குடுத்தாங்க."

"குடிச்சீங்களா?"

"டூட்டியில அதெல்லாம் வாங்கக் கூடாது டீச்சர்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா ரொம்ப தாகமா இருந்துச்சு."