மிஷினோடு வந்த குடித்தனம்

ஷூ கம்பெனியில் என்னை ஆம்பூரிலிருந்து ராணிப்பேட்டைக்கு மாற்றினார்கள். நானும் அதே வேகத்தில் என் வாடகை வீட்டை நண்பன் அந்தோணிக்கு மாற்றிவிட்டேன். வீட்டுக்காரம்மாவிடம் கேட்கவில்லை. வாடகை ஒழுங்காகக் கொடுப்பவனுக்கு அந்த அதிகாரம் உண்டு என்று நினைத்த புத்திசாலி நான்.

அந்தோணி தன் பழைய வீட்டைக் காலி செய்துவிட்டு, மனைவி செல்வியோடும் சாமான்களோடும் வந்து சேர்ந்தான். வண்டியிலிருந்து முதலில் இறங்கியது, செல்வி வீட்டிலேயே ஷூவுக்கு மேல்பாகம் தைக்கும் மிஷின். மாடியிலிருந்து வந்த வீட்டுக்கார ஜமீலாம்மா வாசலை மறித்து நின்றார்.

"இன்னா குமாரு இது? ஊட்ட உனக்குத்தானே உட்டேன்?"

"நம்ம தோஸ்த்தும்மா. தங்கமான ஆளு."

"ஆளு தங்கமா இருக்கட்டும், மிஷின் இரும்பாச்சே. மேல எம்பொண்ணு பச்சப்புள்ளையோட இருக்கா. ஊட்ல தொழில் பண்ணக்கூடாதுன்னு அக்ரிமெண்ட்லயே இருக்கு. படிச்சியா?"

"கையெழுத்து போட்டேம்மா."

அந்தோணி பார்த்த பார்வையில் நான் பாதியாகிவிட்டேன். இனி அவர்கள் எங்கே போவார்கள்? செல்விதான் வாய் திறந்தாள்.

"மிஷின மாதனூர்ல எங்கம்மா ஊட்ல போட்டுக்கறேன்மா. நாங்க மட்டும் இங்க இருந்துக்கறோம்."

ஜமீலாம்மா யோசித்தார். "இத மொதல்லயே கேட்டிருந்தா இவ்ளோ பேஜார் இல்லல்ல? சரி, உங்க பேர்ல புதுசா எழுதிக்கலாம். மிஷின மறுபடி ஏத்துங்க."

இப்போது நான் எதையும் முன்கூட்டியே கேட்டுவிடுகிறேன், சொல்லியும் விடுகிறேன். ராணிப்பேட்டை வீட்டுக்காரரிடம் என் குறட்டையைப் பற்றிக்கூடச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை; பக்கத்து போர்ஷன்காரரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வந்து சாவியைக் கொடுத்தார்.